யாரும் சாகுமுன் ஒலித்த சாவு மேளம்

பத்மினி அக்கா இறந்த செய்தி ஹட்டனில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, தொலைபேசிக்குள் சாவு மேளமும் கேட்டது. "எங்க வீட்டு ஆள வெளிய தள்ளிவிட்டுட்டு அக்கா மண்ணுக்குள்ள போயிட்டாங்க சார்!" என்று அலறினார் அவருடைய பக்கத்து வீட்டுச் சரசு.

தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு வீடு கட்டும் வேலையில் என்னுடன் இருந்தவர் அக்கா. ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர், வட்டவளைக்கு மேலே, தாம் பிறந்த லயத்து வரிசை வீட்டிலேயே கடைசிவரை இருந்தார். போன வருடம் இருவரும் திட்டங்களை நிர்வகிக்கும் முகாமைத்துவப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினோம். பஸ்ஸில்தான் படிப்பு.

"ரிஸ்குன்னா என்னா, சொல்லுங்க தம்பி?"

"வரப்போற ஆபத்து, அக்கா."

"வரலாம், வராமலும் போகலாம். வந்துட்டா அது ரிஸ்க் இல்ல. அதுக்கப்புறம் படிச்சு என்னா பண்ண?"

அந்தப் பாடத்துக்குப் பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. லயத்துக்கு மேலே தேயிலை மலையில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, பெருமழை பெய்தால் மண் சரியும், வெளியேறுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சைரன் வைக்கலாம் என்றேன். அக்கா சிரித்தார்.

"சைரன் ஊதினா நம்ம ஆளுங்க கம்பளிய இழுத்துப் போத்திக்குவாங்க. சாவு மேளம் கேட்டாத்தான் எந்த மழையிலயும் எறங்கி வருவாங்க."

மலையூற்றுக் குழாயான பீலியில் தண்ணீர் கலங்கினால் மலை இளகுகிறது என்று அர்த்தம். உடனே கீழே மைதானத்தில் மேளக்கார மாரிமுத்து அண்ணன் சாவுக்கு அடிக்கும் அடியை அடிக்க வேண்டும். இதுதான் அக்காவின் திட்டம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயக் கழுவுங்கக்கா! உசுரோட இருக்கிறவங்களுக்குச் சாவு மேளமா?" என்றேன். சரசுவும் விடவில்லை. "சும்மா அடிச்ச மேளம் ஆளக் கேக்கும்க்கா" என்றார்.

"கேக்கட்டும். ஜனம் எறங்கினா போதும்."

போன வாரம் விடியற்காலையில் பீலியில் செம்மண்ணாக ஊற்றியது. மேளம் முழங்கியது. அக்கா சொன்னபடியே குடையும் சாக்குமாக லயமே இறங்கி வந்து, "யாருங்க செத்தது?" என்று கேட்டது. விஷயம் தெரிந்ததும் சிலர் திட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். அக்கா மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"சரசு, ஒங்க வீட்டுக்காரரு எங்க?"

"நடக்க முடியாத மனுசன எழவுக்கா தூக்கிட்டு வருவாங்க? ஒரு எட்டு பாத்துட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

இழவு வீட்டுக்கு நோயாளியை யார் கூட்டி வருவார்? எங்களுக்குத் தெரியாத வழக்கமா இது? எத்தனை பயணம் பேசியிருப்போம், இருவருக்குமே தோன்றவில்லை. அக்கா மேலே ஓடினார், சரசு பின்னாலேயே ஓடினார். இருவரும் அந்த மனிதரை வாசல்வரை இழுத்து வந்தபோது மலை சத்தம் போட்டது. அக்கா அவர்களைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிவிட்டார். தாம் வர நேரமில்லை.

அடுத்த வாரம் பரீட்சை. அழுதுகொண்டாவது எழுதுவேன்.

அக்கா, லயத்தில் ஒருவர்கூட விடுபடாமல் எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். மாரிமுத்து அண்ணன் மேளத்தை நிறுத்தவேயில்லையாம். யாரும் சாகாமல் தொடங்கிய அதே அடியை, உங்களைத் தூக்கி வரும்வரை அடித்தாராம். பக்கத்துத் தோட்டத்தார் பிந்தி வந்து, "யாருங்க செத்தது?" என்று கேட்டபோது, சொல்வதற்கு ஒரு பெயர் இருந்தது. போய் வாருங்கள், அக்கா.