ஞாயிறு பள்ளிக்கு நான்கு பேர்

1. மார்ச் மாதம் ஐயரம்மாவின் குரல் போய்விட்டது. எங்கள் போதகரின் மனைவியை அப்படித்தான் அழைப்போம். ஞாயிறு பள்ளியைப் பல வருடங்களாக அவர் ஒருவரே நடத்திவந்தார். இனிச் சத்தமாகப் பேசவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

2. ஞாயிறு பள்ளிக்கு நான்கு ஆசிரியர்கள் தேவை என்று போதகர் மூன்று வாரம் தொடர்ந்து அறிவித்தார். சபையார் தலையசைத்தார்கள். யாரும் முன்வரவில்லை.

3. நான் ஒரு பட்டியல் அச்சடித்து ஆலயச் சுவரில் ஒட்டினேன்.

4. அதில் ஒரே ஒரு பெயர் ஏறியது. அது என்னுடையது.

5. ஜூன் மாத முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் நான்கு பேர் சேராவிட்டால் பள்ளியை நிறுத்திவிடலாம் என்றார் போதகர்.

அந்த ஐந்தாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சோமனூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் விசைத்தறி ஓடும். பிள்ளைகள் தலையில் பஞ்சோடு வருவார்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் பேசுவார்கள். நானும் அப்படி வந்தவள்தான். ஐயரம்மா அவர்களை அதட்டியதே இல்லை. சத்தம் தானாக அடங்கும்வரை காத்திருப்பார், பிறகு மெதுவாகக் கதையைத் தொடங்குவார். தறிச் சத்தம் இல்லாமல் ஒருவர் குரலை ஒருவர் கேட்க எங்களுக்குக் கிடைத்தது வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான். பாலிடெக்னிக்கில் நடுங்காமல் எழுந்து நின்று பேச முடிந்ததற்கு நான் அந்த அறைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அப்போது நான் டிப்ளமோ முடித்து, கோவையில் பம்பு மோட்டார்களைச் சோதிக்கும் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு சோதனைத் தாள் உண்டு. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மோட்டார் வெளியே போகாது. அதே முறையில்தான் வேலை, நேரம், பெயர், கையொப்பம் என்று கட்டம் போட்டு, கம்ப்யூட்டர் சென்டரில் அச்சடித்து ஒட்டியிருந்தேன். கட்டம் இருந்தால் ஆட்கள் நிரப்புவார்கள் என்று உறுதியாக நம்பினேன்.

ஆராதனை முடிந்து சைக்கிள் எடுக்கும் இடத்தில் ஓர் அக்காவைப் பிடித்தேன். தறிக்கு நூல் சுற்றிக்கொடுக்கும் வேலை அவருக்கு. நன்றாகக் கதை சொல்லுவார்.

"ஏனுங்கக்கா, நீங்க பேரு எழுதலைங்களா?"

"நானாப் போய் எழுதினா, 'பாரு, இவளுக்கு டீச்சராகோணும்னு ஆசையப் பாரு'ம்பாங்க. நீங்க வந்து கூப்பிட்டீங்களா?"

"அதுதான் செவுத்துல ஒட்டியிருக்குதுங்களே."

"அப்ப உங்க கண்ணாலப் பத்திரிக்கையையும் செவுத்துலயே ஒட்டிப்போடுங்க அம்மணி. யாரு வாராங்கன்னு பாக்கலாம்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் அவர் சொன்னது சரி. எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்துவிட்டது என்பதற்காக மட்டும் யாரும் விசேஷத்துக்குப் போய்விடமாட்டார்கள். வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, வாய் திறந்து கூப்பிட வேண்டும்.

புதிய பட்டியல் போட்டேன்: எந்த வீடு, யாருக்கு எந்த வாரம் பகல் ஷிப்டு, எப்போது போகலாம். ஐயரம்மா கூட வந்தார். பேச்சு முழுக்க என்னுடையது.

முதல் வீடு, ஓய்வு பெற்ற ஒரு தபால்காரருடையது. விஷயத்தை வாசலிலேயே சொல்லி முடித்தேன்.

"உள்ள வாங்க, காப்பி குடிக்கலாம்," என்றார் அவர் மனைவி.

"இருக்கட்டுங்க, இன்னும் எட்டு ஊடு போகோணும்."

ஐயரம்மா என் முழங்கையைக் கிள்ளிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். நானும் போனேன். காப்பி வந்தது. மழையைப் பற்றி, அவர்கள் மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினோம். வாசலில் நான் எதுவுமே சொல்லாததுபோல, "அப்பறம், என்ன சேதிங்க?" என்று கேட்டார் தபால்காரர்.

"ஞாயித்துக்கிழமை பிள்ளைகளுக்கு நீங்க வந்து சொல்லிக்குடுக்கோணுமுங்க."

"நானுங்களா? எனக்கென்னங்க தெரியும்?"

"ஊட்டுல சும்மாத்தான உக்காந்திருக்கறாரு," என்றார் மனைவி. "கூட்டிட்டுப் போங்க கண்ணு."

ஒரே மாலையில் முடியும் என்று போட்ட ஒன்பது வீடுகளுக்கு நான்கு மாலைகள் ஆயின. அந்தத் தபால்காரரும், ஒரு தையல்கார அம்மாவும் சம்மதித்தார்கள். என்னோடு மூன்று. கடைசிச் சனிக்கிழமை வந்துவிட்டது.

பட்டியலை மறுபடி பார்த்தபோதுதான் என் தவறு தெரிந்தது. அந்த அக்காவிடம் ஏற்கெனவே பேசியாயிற்று என்று அவர் வீட்டைச் சேர்க்கவே இல்லை. சைக்கிள் பக்கத்தில் நின்று கேட்டதை அழைத்ததாக நினைத்துவிட்டேன். உடனே ஓடினேன்.

"வாங்க அம்மணி," என்றார் அக்கா. "எல்லார்த்து ஊட்டுக்கும் போனீங்களாமா. எங்கூட்டுக்கு மட்டும் வழி தெரியலையோன்னு நெனச்சேன்."

உள்ளே போய் உட்கார்ந்தேன். காப்பி கேட்டு வாங்கிக் குடித்தேன். பிறகு கூப்பிட்டேன்.

"வாரனுங்க. ஆனா ராத்திரி ஷிப்டு வாரத்துல காலைல கண்ணு சொருகும். அந்த வாரம் எங்கூட்டுக்காரர் வரட்டும். அவருக்கு அப்ப பகல் ஷிப்டு."

உள் அறையிலிருந்து குரல் வந்தது: "என்னைய யாருங்க கூப்பிட்டாங்க?"

"உங்களையும் கூப்பிடத்தானுங்க வந்தேன்!" என்று அவசரமாக எழுந்தேன்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் தாளில் நான்காவது கட்டம் ஒரு பெயருக்குத்தான் அளவாக இருந்தது. இரண்டு பெயரையும் நெருக்கி எழுதினேன்.

நான் பெங்களூருக்கு வேலை மாறி இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிறு பள்ளி நடக்கிறது. ஐயரம்மாவுக்குக் குரல் பாதிதான் திரும்பியது. அவர் வருகைப் பதிவு மட்டும் எடுக்கிறார். நான் நடத்திவந்த பெரிய பிள்ளைகளின் வகுப்புக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அவர்கள் தபால்காரரின் வகுப்போடு சேர்ந்து உட்காருகிறார்கள்.