எல்லைக்கு இந்தப் பக்கம் சித்தப்பா

மெல்பேர்னில் வளர்ந்த எனக்கு, காரில் போயே இன்னொரு நாட்டுக்குள் நுழையலாம் என்பது ஒன்பது வயதில் பெரிய புதினமாக இருந்தது. சுவிஸில் இருந்த மாமிக்கு நோய் முற்றி வருத்தம் கடுமை என்று அறிந்து, அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பறந்தார். முதலில் இறங்கியது ஜேர்மனியில், சித்தப்பாவின் வீட்டில். அவர்கள் இருவருக்கும் மாமி ஒரே அக்கா.

சித்தப்பா தன் காரைத் தந்தார். தன் அண்ணன் அதை ஓட்டலாம் என்று கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தார். காலையிலேயே மாமிக்குக் கணவாய்க்கறி சமைத்தார். எல்லை வரை அவரே ஓட்டி வந்து, சோதனைச்சாவடிக்குச் சற்று முன்னால் ஒரு பெற்றோல் நிலையத்தில் இறங்கிக்கொண்டார்.

"நீங்கள் வரேல்லையா சித்தப்பா?"

"எனக்கு இங்க கொஞ்சம் வேலை கிடக்கு. நீங்கள் போட்டு வாங்கோ."

பெற்றோல் நிலையத்தில் அப்படி என்ன வேலை என்று எனக்குக் கோபம் வந்தது.

ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்ததால் அப்பா ஊர்ந்துதான் போனார். எல்லையில் அதிகாரி எங்கள் ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டுகளையும் காரின் ஜேர்மன் இலக்கத்தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கார் யாருடையது என்றார். தம்பியுடையது என்று அப்பா கடிதத்தை நீட்டினார். தம்பி எங்கே?

"வீட்டில்" என்றார் அப்பா.

நான் ஒரு பொய் சொன்னால் இரண்டு நாள் என்னோடு பேசாத அப்பா. திருத்துவதற்கு வாயெடுத்தேன். அவர் கை என் முழங்காலை அழுத்தியது. அதிகாரி போகச் சொல்லிக் கையசைத்தார்.

சித்தப்பா கொடுத்துவிட்ட கறியில் மாமி இரண்டு வாய்தான் சாப்பிட்டார்.

"அவன் மெலிஞ்சு போனானோ?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம், கொஞ்சம்" என்றேன்.

பின்னேரம் திரும்பியபோது சித்தப்பா அதே இடத்தில் நின்றார். அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. வீடு வரை என்னைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்: எத்தனை சுரங்கப்பாதை, ஏரி எந்தக் கைப்பக்கம், மாமியின் கட்டில் யன்னலோரமா. நான் சோதனைக்குப் பாடமாக்கியதுபோல் ஒப்புவித்தேன். தடுமாறிய இடங்களில் மறுபடி கேட்டார்.

அவருடைய அகதி வழக்கு பதினொரு வருடமாக முடியாமல் கிடந்ததையும், எல்லையைத் தாண்டினால் திரும்பி வர விடமாட்டார்கள் என்பதையும் நான் வளர்ந்த பிறகுதான் அப்பா சொன்னார். அதற்குள் மாமி இல்லை.

அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம், சித்தப்பாவுக்குத் தன் அக்காவைவிட ரோட்டுகளில்தான் ஆசை என்பது. மெல்பேர்னில் இருந்த அம்மாவிடம் தொலைபேசியில் அப்படியே சொன்னேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டேன்.