ஆதிகேசவன் திருப்பிப் பார்க்காத காளான்

பட்டு நூலுக்குச் சாயம் போடும் ஆதிகேசவன் பழுப்பில் மட்டும் பதினேழு வகை அறிந்தவர். பாக்கு, புளியங்கொட்டை, மூக்குப்பொடி, காய்ந்த வெற்றிலைக் காம்பு என்று அவர் அடுக்கும்போது காஞ்சிபுரத்துப் பட்டு முதலாளிகள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள். உலகத்தில் கண்ணுள்ளவர்கள் பலர், பார்க்கத் தெரிந்தவர் ஒருவரே என்பது அவருடைய அடக்கமான அபிப்பிராயம்.

அறுபத்தாறாம் வருடப் புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டது. நனைத்த நூல் காயாது என்பதால் சாயப்பட்டறை பத்து நாளாக மூடிக் கிடந்தது. வீட்டில் அரிசிப் பானைக்கும் அதே கதிதான். சனிக்கிழமை காலை அவர் மனைவி தேவகி ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரைப் புல்லில் முளைத்திருந்த சின்னஞ்சிறு காளான்களை மடி நிறையப் பறித்து வந்தாள்.

"இன்னாங்க, இது திங்கற காளானா? பழுப்பா இருக்குதே. பழுப்புன்னா நீங்கதானே?"

ஆதிகேசவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "ஈரத்துல நெறம் பொய் சொல்லும். காயட்டும்."

தொழில் தர்மம் அது. ஈர நூலைப் பார்த்து நிறத்தை முடிவு செய்கிறவன் சாயக்காரனே அல்ல. முறத்தில் பரப்பி அடுப்புச் சூட்டில் உலர்த்தினார். கரும்பழுப்புக் குடைகள் மெல்ல வெளுத்துச் சந்தனத்துக்கு வந்தன. போன வருடம் இருவரும் தின்ற நல்ல காளானும் காய்ந்தால் இதே சந்தனம். ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இடமும் வலமும் ஆராய்ந்தார். திருப்பி அடியில் மட்டும் பார்க்கவில்லை. முப்பது வருடம் நூலோடு வாழ்ந்தவர். நூலுக்கு அடிப்பக்கம் கிடையாது.

"நல்ல ஜாதி. ஆக்கு."

"உங்களுக்கு?"

"எனக்குப் பெருமாள் விரதம்."

"பெருமாளு உங்களை மட்டும் நல்லா காப்பாத்துறாரு. என்னால பசி தாங்க முடியாதுப்பா!" என்று சிரித்துக்கொண்டே தேவகி சட்டியை வழித்துத் தின்றாள்.

ஞாயிறு விடிவதற்குள் வாந்தியும் பேதியும் அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டன. டாக்டர் ராஜகோபால், காளான் எப்படி இருந்தது என்று கேட்டார்.

"சந்தனப் பழுப்புங்க. ஒரு துளி மூக்குப்பொடி கலந்தாப்பல."

"ஏம்ப்பா, நான் புடவையா கேட்டேன்? குடைக்கு அடியில மடிப்பு மடிப்பா இருக்குமே, அது என்ன நெறம்? காம்புல வளையம் இருந்துதா?"

பதினேழு பழுப்புகளின் அதிபதி தரையைப் பார்த்தார்.

"போய் ஒண்ணு பிடுங்கிக்கினு வா. வேரோட."

கொட்டும் மழையில் ஆதிகேசவன் அதே புல்லில் மண்டியிட்டுத் தேடினார். காலணா அகலக் குடை, துடைப்பக்குச்சிக் காம்பு. முதல் தடவையாகத் திருப்பினார். மடிப்பெல்லாம் துருப்பிடித்த ஆணியின் நிறம். காம்பின் நடுவே நூல் கட்டியது போல மெல்லிய வளையம். போன வருடத்துக் காளானுக்கு வளையம் இருந்ததில்லை. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

டாக்டர் அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வெளியே அழைத்துப் போனார்.

"ஈரலைத் திங்கற ஜாதிப்பா இது. என் கையில இதுக்கு மருந்து இல்ல. நாளைக்கு எழுந்து உட்காருவாங்க, பசிக்குதும்பாங்க. அதை நம்பிடாதே."

"அப்புறம்?"

"அப்புறம் கண்ணு மஞ்சளாகும்" என்று மட்டும் சொல்லி அவர் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை தேவகி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். வார்டே திரண்டு வந்து, இப்பேர்ப்பட்ட கெட்டி உடம்புக்காரியைக் கட்டிக்கொண்டதற்கு ஆதிகேசவனைப் பாராட்டியது. அவரும் சபை மரியாதைக்குத் தலையாட்டினார்.

"இன்னா மூஞ்சி இது, எழவு வூட்டுல இருக்கறாப்பல? காளானுக்கு ஜாதகம் பாத்த ஆளாச்சே! அடுத்த சனிக்கெழம நான் விரதம், நீங்க திங்கறீங்க. சரியா?"

"சரி."

அவள் இட்லிக்காக முகத்தை நிமிர்த்தினாள். ஜன்னல் வெளிச்சம் கண்களில் விழுந்தது. ஆதிகேசவன் பார்த்தார். மற்றவர்களுக்குத் தெரிய இன்னும் ஒரு நாள் ஆகும்.

"இன்னாத்த அப்பிடிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார். "இன்னொரு இட்லி வெக்கட்டா?"