உப்புப் பார்த்துக் குடித்தவர்

சட்டம் படிக்கும்போது தஞ்சாவூரில் நான் பயிற்சிக்குப் போன வக்கீல் ஆபீஸுக்கு, இறால் பண்ணைமேல் வழக்குப் போட்ட விவசாயி ஒருவர் வாய்தா தவறாமல் வருவார். கன்னம் ஒட்டிப்போன மனிதர். தண்ணீர் கொடுத்தால் முதல் வாயை விழுங்காமல் நாக்கிலேயே வைத்திருப்பார்.

"என்னங்கய்யா பாக்குறீங்க?"

"கரிக்குதான்னும்மா. பக்கத்துல பண்ணை வந்ததுலேருந்து வயல், கெணறு எல்லாம் உப்பு. நாக்கு எதையும் நம்ப மாட்டேங்குது."

கடைசியாக வந்தபோது அதே பண்ணையின் வாட்ச்மேன் சட்டையைப் போட்டிருந்தார். பையனை சிங்கப்பூர் அனுப்ப வயலைப் பண்ணைக்கே விற்றுவிட்டாராம். வழக்கை வாபஸ் வாங்கணுமாம். சீனியர் என்னை எழுதச் சொன்னார். நான் எழுதிய முதல் மனு அதுதான்.

எழுதி முடித்துத் தண்ணீர் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்தார்.

"எங்கம்மா கையெழுத்துப் போடணும்?"