அருள்ராணிக்குப் போகாத கிருமி

கேத்தரின் சின்ன மருமகளாக வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்தே அருள்ராணிக்கு அவள் மேல் பொறாமை. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரே காட்டைப் பிரித்து உழும் அண்ணனையும் தம்பியையும் கட்டியவர்கள் இருவரும். கேத்தரின் சமைத்த பாத்திரம் மறுநாள் மத்தியானம் வரை தொட்டியில் ஊறும். மாமியார் மெச்சுவதோ அவளைத்தான். விடிவதற்குள் வீட்டையும் வாசலையும் கழுவி முடிக்கும் அருள்ராணியை ஏனென்று கேட்க நாதியில்லை. சுத்தத்தில் மட்டும் தன்னை மிஞ்ச அவளால் முடியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் ஊருக்கு வந்த நர்சம்மா கருப்பைவாய்ப் புற்றுக்கான சோதனை செய்தபோது, இருவருக்குமே அந்தப் புற்றை உண்டாக்கக்கூடிய வைரஸ் இருந்தது.

"பயப்படாதீங்க, நெறைய பேருக்குத் தானாப் போயிடும். ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பாக்கலாம்" என்றார்.

கேத்தரின் அதை மறந்தே போனாள். அருள்ராணி சும்மா இருப்பாளா? புண் கழுவும் மருந்தை வெந்நீரில் கலந்து தினமும் பிறப்புறுப்பின் உள்ளே வரை ஊற்றிக் கழுவினாள். கேத்தரினுக்கு முன்னால் தனக்குப் போய்விட வேண்டும் என்ற வெறி.

மறுசோதனையில் கேத்தரினுக்குப் போயிருந்தது. அருள்ராணிக்கு அப்படியே இருந்தது. கருப்பைவாயில் ஒரு திட்டும் விழுந்திருந்தது.

தருமபுரி டாக்டரம்மா அவளைத் தனியாக உட்காரவைத்து விசாரித்தார். மருந்து ஊற்றிய கதையைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அங்க நல்ல கிருமிங்க குடியிருக்கும்மா, பாலைத் தயிராக்குற இனம். அதுங்க உண்டாக்குற புளிப்புலதான் கெட்டது அண்டாது. உடம்போட எதிர்ப்புச் சக்தியும் ஒழுங்கா வேலை செய்யும். மருந்து ஊத்துனா அதுங்க செத்துடும். அதனாலதான் உங்களுக்கு வைரஸ் தங்கிடுச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இனிமே ஊத்தாதீங்க. இந்தத் திட்டு இன்னும் புத்து ஆகல. அப்படியே விட்டா ஆயிடலாம். அடுத்த வாரம் வாங்க, சுட்டு எடுத்துடலாம்."

அந்தச் சோம்பேறியின் உடம்பு சும்மா இருந்தே ஜெயித்துவிட்டதா? அருள்ராணிக்கு வயிறெரிந்தது.

திரும்பி வரும் பஸ்சில், கூட வந்திருந்த கேத்தரின், "உங்களுக்கு என்னங்க்கா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"எனக்கும் போயிடுச்சு."

வாயில் வந்துவிட்ட பொய்யைக் காப்பாற்ற, சிகிச்சைக்கே போகாமல் இருந்தாள். போனால் தெரிந்துவிடுமே. நர்சம்மாவின் போனையும் எடுக்கவில்லை.

சர்ச்சில் ஞாயிறு பூசையில், யார் யாருக்காக, எதற்காகப் பூசை என்ற கருத்துகளைச் சாமியார் வாசித்தார்: "அருள்ராணி, கேத்தரின் பெற்ற உடல் சுகத்துக்கு நன்றியாக."

பூசைக்குப் பணம் கொடுத்தது கேத்தரின்தான். இதிலும் முந்திக்கொண்டாளே என்றுதான் அருள்ராணிக்கு முதலில் தோன்றியது. பிறகுதான் பயம் பிடித்தது. வராத சுகத்துக்கு ஊரே முழங்காலில் நின்று நன்றி சொல்கிறது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் செத்துத்தான் போக வேண்டும்.

கோயில் வாசலில் கேத்தரினின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்குப் போகலடி. பொய் சொன்னேன். உனக்கு மட்டும் போனத என்னால தாங்க முடியல."

கேத்தரின் அவளை ஓரமாக இழுத்துப் போனாள். "இதுல போயி என்னங்க்கா போட்டி? நாளைக்குக் காலைல வண்டி எடுக்கறேன், ரெடியா இருங்க."

மறுநாள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து கேத்தரினின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள் அருள்ராணி. தானாகவே நோயைத் துரத்திவிட்ட அந்த உடம்பின் மேல் இன்னும் பொறாமையாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வரும்வரை பிடியைத் தளர்த்தவில்லை.