எள்ளளவு தள்ளி

மிட்டாய்ப் பட்டறையில் இருபது வருஷமாகப் பாகு இழுப்பவர் கொக்கி அத்தை. சுவரில் அடித்த இரும்புக் கொக்கியில் இளஞ்சூட்டுப் பாகை மாட்டி, இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, மடித்து, மறுபடி மாட்டி இழுப்பார். கோபம் வந்தால் இன்னும் நன்றாக இழுப்பார். அதனால் பட்டறை முதலாளியான அவருடைய தம்பி, காலையில் வந்ததும் எதையாவது சொல்லி அவரைக் கிளப்பிவிடுவான்.

அன்று அதற்கு அவசியமில்லை. மறுநாள் ஒரு பள்ளிக்கூடத் திறப்பு. அத்தனை பிள்ளைகளுக்கும் மிட்டாய். இவ்வளவு பெரிய ஆர்டர் பட்டறை பார்த்ததே இல்லை; அந்தப் பரபரப்பே அத்தைக்குப் போதும். மத்தியானம் பாகை இழுத்து முடித்துப் பலகையில் கிடத்திவிட்டு முகம் துடைக்கும்போதுதான், தன் மூக்குக்கண்ணாடியின் ஓரம் மூளியாக இருப்பது அத்தையின் விரலுக்குத் தட்டுப்பட்டது. பாகைப் பலகையில் ஊற்றியபோது கண்ணாடி நழுவிப் பலகை விளிம்பில் பட்டுப் பாகில் விழுந்ததும், எடுத்து அவசரமாகத் துடைத்து மாட்டிக்கொண்டதும் ஞாபகம் வந்தன.

தம்பி பாகை வெட்டித் தேடினான். நடுவில் ஒரு சில்லு கிடைத்தது. மூளியில் பொருத்திப் பார்த்தால் பாதிதான் அடைபட்டது.

"இன்னொண்ணும் பக்கத்துலதான் இருக்கும்க்கா. ரெண்டும் ஒரே எடத்துலதானே விழுந்துச்சு?"

"விழும்போது பக்கத்துல. இழுத்தப்புறம் அது யாரோ, இது யாரோ."

பக்கத்தில் இல்லை. தம்பிக்கு ஒரு யோசனை வந்தது. மிச்சப் பாகை அதே பலகையில் ஊற்றி, கண்ணாடி விழுந்த இடத்தில் ஒரு எள்ளை வைத்தான். அத்தை முன்பு இழுத்தது போலவே பதினாறு இழுப்பு இழுத்தார். வெட்டிப் பார்த்தபோது எள் இடது முனையில் இருந்தது. ஓடிப்போய் நிஜப் பாகின் இடது முனையை நோண்டினான். ஒன்றுமில்லை. மறுபடி எள், மறுபடி பதினாறு. இந்தத் தடவை வலது முனை.

"அதே எடத்துலதானே வெச்சேன்!"

"எள்ளளவு தள்ளி வெச்சிருப்ப."

"எள்ளளவுதானேக்கா!"

"மொத இழுப்புல அது ரெண்டு எள்ளு. அடுத்ததுல நாலு. பதினாறு இழுத்திருக்கேன்டா."

விரல்விட்டு எண்ணத் தொடங்கிய தம்பி பாதியில் விட்டுவிட்டான்.

"உருக்கி வடிகட்டிட்டா?"

"நொறுங்கிப்போயிருந்தா சல்லடைக்கு எப்படித் தெரியும்?"

"ஒரே ஒரு சில்லு. தரையிலகூட விழுந்திருக்கலாம்ல?"

"இருக்கலாம். எந்தப் புள்ளை வாயிலயும் போகாதுன்னு நீ சொல்லு, நறுக்கித் தரேன்."

தம்பி கத்தியைக் கீழே வைத்தான். அத்தை பாகை இரண்டு கையாலும் வாரி, குப்பைப் பீப்பாயில் போட்டு, மேலே ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தார்.

"அடுப்பு ரிப்பேருன்னு சொல்லுக்கா," என்றான் தம்பி மெதுவாக. "ஒனக்குக் கண்ணு மங்கிப்போச்சுன்னு வெளிய தெரிய வேணாம்."

மறுமுனையில் அந்தப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை பேசினார்.

"நாளைக்கு மிட்டாய் வராதும்மா. பாகுல என் கண்ணாடி விழுந்து உடைஞ்சிருச்சு. ஒரு சில்லு கெடச்சுது, ஒண்ணு கெடைக்கல. ஆமாம்மா, கண்ணு சரியாத் தெரியல. இல்லம்மா, பயப்படாதீங்க. இனிமே நான் இழுக்க மாட்டேன், வேற ஆளு இழுப்பாங்க."

தம்பி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அப்படியொரு ஏற்பாட்டைப் பற்றி அந்தப் பட்டறையில் யாரும் பேசியதே இல்லை.