சந்தனம் பூசிய டிஸ்க்

செலண்டார் ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துச் சங்கத் தலைவர் கம்ப்யூட்டர் வாங்கினார். உறுப்பினர் பெயர்களை ஃப்ளாப்பி டிஸ்க்கில் ஏற்றியதும் பழைய பதிவேட்டைப் பெருமையாகக் கொளுத்தினார். ஆயுத பூஜையன்று அந்த அறிவாளி டிஸ்க்கின் மூடியைத் தள்ளி, உள்ளேயும் சந்தனம் பூசினார். அதோடு அது செத்தது.

தேர்தல் கூட்டத்தில் கூச்சமே இல்லாமல் சொன்னார்: "பேரு இல்ல, அதனால ஓட்டும் இல்ல லா. நானே தலைவரா இருந்துக்கிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொறந்ததிலேருந்து பக்கத்து வீட்டுல இருக்கேன். என்னைத் தெரியலையா அண்ணே?"

"கம்ப்யூட்டருக்குத் தெரியணுமே, தங்கச்சி!"

கூட்டமே சிரித்தது. அங்கேயே எல்லோரும் கை தூக்கி அவரைப் பதவியிலிருந்து இறக்கினோம்.

இப்போதும் சங்கத்தில் கை தூக்கித்தான் ஓட்டுப் போடுகிறேன். கையில் எவ்வளவு சந்தனம் பூசினாலும் அது பழுதாவதில்லை.